தேயிலை வாங்குபவராக நான் அனுப்பிய கடிதம்

மூன்று நாள் மழைக்குப் பிறகு நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் கை நுழையுமளவுக்கு வெடிப்பு விழுந்தது. றக்வானைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நாங்கள். கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு உடனே வெளியேறச் சொன்னார். போவதற்கிருந்த ஒரே இடம், பூட்டிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோர். கொழும்பிலுள்ள கம்பெனியிலிருந்து உத்தரவு வராமல் திறக்க முடியாது என்றார் சாவி வைத்திருந்த கிளார்க். தோட்டத்தை நடத்தும் தொரை லீவில், அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

"கம்பெனிக்கே எழுதிக் கேளு. நீதானே இங்கிலீஸ் படிச்சவ" என்றார் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா.

கம்பெனியின் இணையத்தளத்தைத் திறந்தேன். பனி மூடிய மலை, அதன் மேல் 'வாழ்வுகளை மலரச் செய்கிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே ஒரு படத்தில் கொழுந்துக் கூடையோடு சிரித்தபடி அக்காவே நின்றார்.

"இது நான்தான். எப்ப எடுத்தாங்கன்னே தெரியல" என்றார்.

எங்கள் தோட்டத்தின் உயரம் இருந்தது, தேநீரின் சுவை இருந்தது. தொலைபேசி எண் மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு படிவம் கிடைத்தது. நீங்கள் யார் என்று கேட்டு மூன்று பதில்கள் தந்திருந்தார்கள்: முதலீட்டாளர், தேயிலை வாங்குபவர், பத்திரிகையாளர்.

"இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்றார் அக்கா.

'தேயிலை வாங்குபவர்' என்பதை அழுத்தி, மலைச்சரிவு வெடித்திருப்பதையும் பதினொரு குடும்பங்கள் இருப்பதையும் ஸ்டோரைத் திறக்க உத்தரவு தேவை என்பதையும் எழுதி, என் போன் எண்ணோடு அனுப்பினேன்.

இருபது நிமிடத்தில் போன் அடித்தது. எத்தனை கிலோ வேண்டும் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சிங்களத்தில், "தேயிலை வேண்டாம் மிஸ், நான் எழுதியதை ஒருமுறை வாசியுங்கள்" என்றேன். அவள் படிவத்தைத் திறந்து வாசித்தாள். பிறகு, போனை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் யாரையோ கூப்பிட்டபடி ஓடுவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கொழும்பு உத்தரவு கிடைத்து, கிளார்க் சாவியோடு மூச்சிரைக்க வந்தார். பானை சட்டிகளோடு எல்லோரும் ஸ்டோருக்கு ஏறினோம். அன்று சாயங்காலமே நான்கு காம்பராக்களின் பின்சுவர் மண்ணோடு சரிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

மறுவாரம் அந்தப் பெண் நலம் விசாரிக்க அழைத்தாள். தளத்தில் ஏன் ஒரு எண்கூட இல்லை என்று கேட்டேன். வெளிநாட்டில் வாங்குபவர்களை நினைத்து ஒரு விளம்பர நிறுவனம் எழுதியது அது என்றாள். எதற்கும் பொறுப்பேற்க வேண்டிவராத சொற்களாகப் பார்த்துப் போடுவார்களாம். தோட்டத்து ஆட்கள் உள்ளே வந்து தேடுவார்கள் என்று யாரும் நினைக்கவேயில்லையாம். என்ன போடலாம் என்று என்னிடமே கேட்டாள். நான் ஸ்பீக்கரைப் போட்டதும் ஸ்டோரே ஒன்றாகப் பேசத் தொடங்கியது.

ஒரு மாதத்தில் தளத்தில் அவசர எண் ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் வந்தது.

"அடிச்சுப் பாரு, எடுக்குறாங்களான்னு" என்றார் அக்கா.

எடுத்தார்கள்.