ஆபரேட்டர் வாங்கிய ஷவர்

ஆறு வயதில் கண்பார்வை போனதற்காக ஆபரேட்டர் ஒரு நாளும் உட்கார்ந்து அழுததில்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தவர். 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்தே எதிராளியின் அவசரம் எது, புளுகு எது என்று பிரித்துவிடுவார். தானே சவரம் செய்துகொள்வார், அறுந்த பொத்தானைத் தானே தைப்பார். கேட்காமல் யாராவது கையைப் பிடித்தால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவரைக் குளியலறை கவிழ்த்துவிட்டது. அவர் ஷவரில் நின்றிருந்தபோது மருமகள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். பச்சைத் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓட, வெறும் வெந்நீர் அவர் தோளில் இறங்கியது. புண் பத்து நாளில் ஆறியது. அதற்கப்புறம் நடந்ததுதான் ஆறவில்லை. மகன் தினமும் கூடவே உள்ளே வந்து குழாயைத் திருகி, "இப்ப நில்லுங்கப்பா, இப்ப திரும்புங்கப்பா" என்றான். தங்கமான பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் அறுபத்தேழு வயதில் பெற்ற பிள்ளைக்கு முன்னால் உரித்த கோழியாக நிற்பது உயிர் போகிற அவமானமாக இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்க ஆரம்பித்தார். பிறகு அதுவும் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை மருமகளைக் கூப்பிட்டார். "கடைக்குப் போகலாம்மா. ஷவரை மாத்தணும்."

"தண்ணி கொட்டுற சாமானுக்கு யாராவது காசைக் கொட்டுவாங்களா?" என்றான் மகன். ஆபரேட்டர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

கடையில் விற்பனையாளர் மருமகளிடம் மட்டும் பேசினார். "சாருக்கு எந்த மாதிரி வேணும் மேடம்?"

"சாரையே கேளுங்க. அவருக்குக் காது பாம்புக் காது," என்றாள் அவள்.

விற்பனையாளர் முதலில் கொண்டுவந்தது கடையிலேயே விலை கூடியது. வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை, விரலை வைத்தால் போதுமாம். ஆபரேட்டர் அதை மேலும் கீழும் தடவினார். "இதுல சூடு எங்க, ஜில்லு எங்க?"

"இதோ சிவப்பு லைட் எரியுதே சார்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எரியட்டும் தம்பி. அடுத்ததை எடுங்க."

விளக்கு எரிகிற ஷவருக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், அது அவர்கள் பாடு. ஆபரேட்டர் அடுத்ததை உள்ளங்கையில் எடை பார்த்து, நகத்தால் சுண்டி, "பிளாஸ்டிக்குக்கு முலாம்," என்று திருப்பிக் கொடுத்தார். இன்னும் நாலைந்தைக் கழித்துக் கட்டிய பிறகு, இரண்டு முனையிலும் திருகு வைத்த கனத்த உருளை ஒன்று கைக்கு வந்தது. ஒரு முனையைத் திருப்பினார். 'டக்' என்று ஓரிடத்தில் நின்றது.

"முப்பத்தெட்டு டிகிரி சார். பட்டனை அழுத்தாம அதைத் தாண்டாது. பச்சைத் தண்ணி குறைஞ்சா வெந்நீரையும் தானாவே குறைச்சுடும்."

இந்த முறை அந்தக் குரலில் வியாபாரம் இல்லை. ஆபரேட்டரின் காது அதைப் பிடித்துக்கொண்டது. விலை, வீட்டில் இருக்கிற குழாயைப்போல எட்டு மடங்கு. மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"தண்ணி விட்டுக் காட்டுங்க." சட்டைக் கையை மடித்து நீட்டினார். இதமான சூட்டில் தண்ணீர் விழுந்தது. "அம்மா, பக்கத்துல இருக்கிற பச்சைத் தண்ணிக் குழாயை முழுசாத் திற."

"வேண்டாம் மாமா. மறுபடியும் என் கையாலயா?" அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"உன் கையாலதாம்மா. திற."

திறந்தாள். ஆபரேட்டரின் தோள் தானாகச் சுருங்கியது. கையை மட்டும் அவர் இழுக்கவில்லை. தண்ணீரின் வேகம் தளர்ந்தது, சூடு இம்மியும் ஏறவில்லை. கடையே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். "கட்டிக் கொடுங்க தம்பி!"

திங்கட்கிழமை மாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை பின்னாலேயே வந்த மகனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கால் மணி, அரை மணி, முக்கால் மணி ஆயிற்று.

"அப்பா, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு!"

"நான் இன்னும் முதுகே தேய்க்கலடா. நீ பக்கத்து வீட்டுல போய்க் குளி!"

மகன் குளிக்காமலே ஓடினான். ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்கப்பா குளிச்சுட்டிருந்தாருங்க," என்று பெருமையாகச் சொன்னான்.