ஆப்பிளுக்குப் பக்கத்தில் பேரி மரம்

வளைகுடாவின் அல் கூஸில், நான் வேலை பார்க்கும் பழ, காய்கறிக் கிடங்கின் குளிரறைக் கதவு திறந்து சில்லென்ற காற்று முகத்தில் அடிக்கும்போது யோசனை தட்டுகிறது: பூக்காத பேரி மரத்துக்கு வேண்டியது இந்தக் குளிர்தான்! எதிர் நர்சரியில் அறந்தாங்கி செல்வம் அண்ணன் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் மரம் அது. இந்த வருடமும் பூக்காவிட்டால் வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

ஓடிப்போய் அண்ணனிடம் சொல்கிறேன்.

“போன வருஷமே உங்க குளிர் ரூம்ல வச்சேன் தம்பி. லேபர் கேம்ப்ல நமக்கே ஏசி மாஃபி, கிடையாது, இதுக்கு ஏசி ரூமான்னு பயலுக சிரிச்சானுக. மொட்டெல்லாம் கருகிருச்சு.”

“பக்கத்துல என்ன இருந்துச்சுண்ணே?”

“ஆப்பிள் பெட்டி.”

“ஆப்பிள் பழுக்கையில விடுற வாயுதான் மொட்டைக் கொன்னுருக்கும்!”

அண்ணன் இலை உதிர்ந்த கிளையைத் தடவிப் பார்க்கிறார். “அப்ப உருளைக்கிழங்கு ரூமு?”

“அங்கயும் குளிர் இருக்கு, அந்த வாயுதான் இருக்காதுண்ணே!”

தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறோம். நாளை நான் வேலை மாறிப் பக்கத்து நாட்டுச் சலாலாவுக்குப் போய்விடுவேன். அண்ணன் ஆறு வாரம் அங்கே வைத்துப் பார்க்கப்போகிறார்.