லிஃப்டில் ஒரு ராணுவ நீதிமன்றம்

முதல் மாடி தாண்டியதும் குற்றம் சாட்டப்பட்டவனை உள்ளே கொண்டுவருவார். மூன்றாவது மாடியில் சாட்சி. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே குறுக்கு விசாரணை சூடுபிடிக்கும். நான் ஆறாவது மாடியில் இறங்கிவிடுவதால், எங்கள் கட்டடத்து லிஃப்ட்காரர் நடத்தும் ராணுவ நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் தீர்ப்பைக்கூட நான் கேட்டதில்லை. தீர்ப்பு எப்போதும் ஏழாவது மாடிக்காரர்களுக்குத்தான்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மேஜர். உண்மையில் ராணுவ அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் பியூனாக இருந்தவர். அதை அவர் மறைப்பதில்லை. "பதவி சின்னதுதாம்மா. ஆனா உக்காந்திருந்த எடம் பெரிசு" என்பார். நீதிமன்ற அறைக்குள், தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், கோப்புகளோடு உட்கார்ந்திருந்ததாகக் கணக்கு. மேஜர் என்று பட்டம் கொடுத்தவர் ஐந்தாவது மாடிப் பல் டாக்டர். முதல் வாரம் "ஐயோ, அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க" என்று மறுத்தாராம். இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

ஒல்லியான உடம்பு. அறுபத்துநான்கு வயது. முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டையில் மடிப்பு கத்திபோல நிற்கும். உயரமான ஸ்டூலில் அமர்ந்து, இடது கையால் கைப்பிடியைத் திருப்பியபடி கம்பிக் கதவைப் பார்த்துத்தான் பேசுவார். பயணிகளின் முகத்தைப் பார்க்கமாட்டார். லிஃப்டைத் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ நிறுத்துவது வழக்கம். "தரை சமமா வரலை, ஒரு நிமிஷம் இருங்க" என்று கொஞ்சம் ஏற்றி இறக்குவார். கதை பாக்கியிருந்தால் தரை சமமாக வர இன்னும் நேரமாகும்.

மனைவி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரும்போது இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "இங்க இவ்வளவு பேசறாரே, வீட்டுல உப்பு பத்தலைன்னுகூட வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. தட்டைத் தள்ளிவைப்பாரு, நானா கண்டுபிடிக்கணும்."

பேச்சு பிழைப்பாக மாறியது ஒரு பல்வலியால். இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் உதவி இயக்குநர் வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டரைப் பார்க்க வந்தார். வாயைத் திறக்க முடியாத மனிதர். மேஜருக்கு அதைவிட நல்ல பயணி கிடைக்கமாட்டார். ஐந்து மாடிக்குள் அவர் சொன்ன வழக்கைக் கேட்டுவிட்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அந்த மனிதர் இறங்காமல் மூன்று தடவை மேலும் கீழும் போய்வந்தார். அடுத்த மாதம் இயக்குநரே வந்தார். காவல் பணியைவிட்டு நகர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு படமாக வந்தது. முடிவில் ஓடும் பெயர்களுக்கு நடுவே, ‘ராணுவ நீதிமன்ற ஆலோசனை’ என்ற வரிக்குக் கீழே, எங்கள் மேஜரின் சொந்தப் பெயர் இரண்டு விநாடி நின்றது. இரண்டாவது மாடி இன்ஷூரன்ஸ் மேனேஜர் தியேட்டரிலேயே அதைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, லிஃப்ட் சுவரில் நான்கு ஊசி குத்தி மாட்டிவிட்டார்.

அதன்பிறகு கட்டடம் முழுக்கச் சட்ட நிபுணர்கள்.

"கடைசி சீன்ல அந்த ஜெனரல் உடைஞ்சு அழறாரே, புல்லரிச்சுப்போச்சு" என்பார் மேனேஜர்.

"இருபது வருஷமா கோர்ட்டுல நிக்கறேன். குறுக்கு விசாரணைல அழுதது இதுவரைக்கும் நான் ஒருத்திதான்" என்பார் மூன்றாவது மாடி வக்கீல் அம்மா. "அதுவும் அந்த வக்கீல் சாட்சியோட மூக்குக்கிட்ட போய்க் கத்தறான். எந்த ஜட்ஜ் விடுவாரு?"

மேஜர் கதவைப் பார்த்தபடியே சொல்வார்: "அது உங்க கோர்ட்டு மேடம். ராணுவம் வேற."

"தீர்ப்பு சொன்ன அன்னைக்கே ஆள் வீட்டுக்குப் போயிடறானே?"

"ராணுவம் வேற மேடம்."

இந்த இரண்டு சொல்லுக்கு வக்கீல் அம்மாவிடம்கூட மறுமொழி இல்லை. சட்டப் புத்தகத்தில் ராணுவம் வேறாகத்தான் இருக்கிறது. எப்படி வேறு என்பது மேஜருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இதற்கிடையே தரைத்தளத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு மாதத்தில் தானியங்கி லிஃப்ட் வருகிறது. பொத்தானை அழுத்தினால் போதும், ஆள் வேண்டாம். எல்லோரும் மேஜருக்காக வருத்தப்பட, அவர் மட்டும் அசரவில்லை. "அடுத்த படத்துக்கு முழுநேர ஆலோசகரா வந்துருங்கன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. மெஷினு வரட்டும். அது ஒரு கதை சொல்லிருமா?"

அப்போதுதான் நான்காவது மாடியில் கர்னல் குடிவந்தார். பட்டப்பெயர் இல்லை, அசல் கர்னல். ராணுவச் சட்டப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். லிஃப்டில் ஏறி "நாலு" என்பார். இறங்கும்போது "நன்றி" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாளே பல் டாக்டர் பற்ற வைத்தார். "கர்னல் சார், நம்ம மேஜரும் உங்க ஆளுதான்."

"அப்படியா? எந்தப் பிரிவு?"

"தரை சமமா வரலை சார், பாத்து எறங்குங்க" என்றார் மேஜர்.

மறுநாள் சுவரில் நான்கு ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. அந்த வாரம் கர்னல் படத்தைப் பார்த்துவிட்டார் என்றும், அதன் சட்டப் பிழைகளைப் பற்றி ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதுகிறார் என்றும் செய்தி பரவியது. நான்கு நாள் லிஃப்ட் ஒரு சாட்சியைக்கூட அழைக்காமல் ஏழாவது மாடிவரை போய்வந்தது. ஒரு மதியம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டில் ‘பழுது’ என்ற பலகை தொங்கியது. கர்னல் படியேறிப் போனார். மேஜர்தான் ஆலோசகர் என்று யாரும் கர்னலிடம் சொல்லவில்லை. கருணை ஒன்றுமில்லை, கட்டுரை வந்த பிறகு சொன்னால் இன்னும் சுவையாக இருக்கும் என்று டாக்டருக்கும் மேனேஜருக்கும் ஓர் எண்ணம். "மௌனமா இருக்கறது குற்றம் சாட்டப்பட்டவரோட உரிமை. தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் வக்கீல் அம்மா.

திங்கட்கிழமை காலை நான் தனியாக ஏறினேன். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

"பழுதா?"

"இல்லம்மா. நான்தான்."

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஆறாவது மாடியில் எங்களுடையது மொழிபெயர்ப்பு அலுவலகம். கர்னல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் தமிழாக்கச் சொல்லி எங்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார், கொடுத்தனுப்பியது மேஜரிடமே.

"ஒட்டு பிரிக்கல, பாத்துக்கங்க. பிரிச்சாலும் எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. நீங்க படிங்க."

வியாழக்கிழமைக்குள் தமிழில் முடிந்துவிடும், அடுத்த வாரம் அச்சில் வந்துவிடும் என்றேன்.

"அடுத்த வாரம் ஊரே படிக்கும். டைரக்டரும் படிப்பாரு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் கேட்டுக்கறேன்."

உறையைப் பிரித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பதினொரு பிழைகள், எண் போட்டு. ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்பு அன்றே முடிந்துவிடுவதில்லை. மேலதிகாரி உறுதி செய்யும்வரை அது வெறும் காகிதம்.

"அது நான் சொன்னது" என்று ஒரு விரலை மடக்கினார்.

தீர்ப்பளிக்கும் உறுப்பினர்களில் பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்லவேண்டும், பெரியவர் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளாமல் இருக்க. படத்தில் தலைவரே முதலில் முழங்குகிறார்.

"அதுவும் நான்தான்."

தீர்ப்பின்போது கொட்டும் மழை.

"மழை டைரக்டர்" என்றார் அவசரமாக.

அடுத்தது சுத்தியல். ராணுவ நீதிமன்றத்தில் சுத்தியலே கிடையாது என்று எழுதியிருந்தார் கர்னல். தன் காலத்தில் மேசையில் கேட்ட ஒரே சத்தம், ஒரு தலைவர் பித்தளைச் சாம்பல் கிண்ணத்தில் புகைக்குழாயைத் தட்டுவதுதான்.

மேஜர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பைப்பா அது?"

"எது?"

"உள்ளேருந்து டொக் டொக்னு கேக்கும்மா. சுத்தியல்னு நெனச்சுக்கிட்டேன்."

அவரே தொடர்ந்தார். "கதவு வரைக்கும்தாம்மா நானு. சாட்சியக் கூப்பிட ஒரு ஆள் வேணுமில்ல? உள்ளேருந்து பேரு வரும், நான் வராண்டாவுல சத்தமாக் கூப்பிடுவேன். வந்தவனை உள்ள விட்டுக் கதவச் சாத்துவேன். பத்தொம்போது வருஷமும் அதான்."

"அப்போ உள்ளே நடந்ததெல்லாம்?"

"ஏன், சினிமாவுல பாத்திருக்கேன்ல."

சினிமாக்காரர்கள் அவரிடம் கேட்டு எழுதினார்கள். அவர் சினிமாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் வக்கீல் அம்மாவின் வாயை அடைத்ததும் சினிமாதான்.

பதினொன்று முடிந்தபோது அவருடைய பத்து விரல்களும் மடங்கியிருந்தன. ‘மிச்சம் ஒன்று மழை’ என்றேன். தலையாட்டினார். கீழே யாரோ மணியை அழுத்தினார்கள்.

"இன்னும் ஒரு பத்தி இருக்கு" என்றேன்.

"திட்டா?"

படித்தேன். "இவ்வளவு அபத்தங்களுக்கு நடுவே, வராண்டாவில் நடக்கும் ஒரு காட்சி என்னை உலுக்கிவிட்டது. அந்தச் சிப்பாயின் தொப்பியையும் பெல்ட்டையும் வாங்கிவைத்துவிட்டார்கள். ஓர் அதிகாரி கடந்துபோகிறார். சிப்பாயின் கை பழக்கத்தில் எழுகிறது. தொப்பி இல்லாதவன் சல்யூட் வைக்கக் கூடாது என்பது நினைவுக்கு வர, கை பாதியில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தொடுகிறது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று பார்த்த ஒருவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். அடுத்த படம் எடுத்தால் அந்த மனிதரையே வைத்துக்கொள்ளட்டும். கதவுக்கு உள்ளே நடப்பதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம்."

மணி விடாமல் அடித்தது.

"அதுவும் நான் சொன்னதுதான்" என்றார். பிறகு, "ஏம்மா, கதவுக்கு வெளியேங்கறதை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுத முடியுமா? கதவுகிட்டன்னு?"

"முடியாதே."

"ஆமா. மாத்தினா அது நான் இல்ல" என்றபடி கைப்பிடியைத் திருப்பினார்.

கீழே போனால் டாக்டர், மேனேஜர், வக்கீல் அம்மா மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த தாள்களைப் பார்த்ததுமே டாக்டரின் கண் மின்னியது. "என்ன மேஜர், தீர்ப்பு வந்தாச்சா?"

"வந்தாச்சு. பதினோரு தப்பு. பத்து என்னோடது." லிஃப்ட் கிளம்பியது. "நான் உள்ள போனதே இல்ல டாக்டர். வெளியே நின்னவன்தான்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "தன்னடக்கத்தைப் பாருங்க! ஆலோசகரே இப்படிச் சொன்னா எப்படி?"

"நெசமாத்தான் சார்."

"எங்களுக்கா காது குத்தறீங்க? தலைவர் நாற்காலிக்குப் பின்னாடி உக்காந்துட்டு, அவரு கழுத்துல இருந்த மச்சம் வரைக்கும் சொன்ன ஆளு நீங்க!"

"வற்புறுத்தி வாங்கின வாக்குமூலம் செல்லாது மேஜர். யாரு மிரட்டினாங்க, சொல்லுங்க" என்றார் வக்கீல் அம்மா.

இரண்டாவது மாடியில் மேனேஜர் இறங்கவில்லை. மூன்றாவதில் வக்கீல் அம்மாவும் இறங்கவில்லை. மேஜர் பாதியில் விட்டிருந்த, கிடங்கு எரிந்த வழக்கை இன்றைக்காவது சொல்லி முடிக்கும்படி கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றது. தரை மிகச் சரியாகப் பொருந்தியிருந்தது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கர்னல் காத்திருந்தார். மேஜர் கதவைத் திறந்தார். ஸ்டூலைவிட்டு இறங்கி, எங்களைக் கடந்து, வெளியே போனார். கதவின் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, ஏழு மாடிக்கும் கேட்கும்படி, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கர்னலின் பெயரைக் கூப்பிட்டார். கர்னல் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மேஜர் வெளியிலிருந்தபடியே கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடைக்கூடத்தைப் பார்த்து நின்றார்.