எதிர்த்துப் பேசாத பெண்ணுக்கு என்ன மார்க்?

போன வாரம் எங்கள் கல்லூரி ஸ்டூடியோவில் ஒரு மாணவிக்குக் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கை தட்ட மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கட்டிடங்களைச் சுற்றி மரம், புல், நடைபாதை அமைக்கிற லேண்ட்ஸ்கேப் டிசைன் சொல்லித் தருகிறேன். மாணவர்கள் வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியூர் நிபுணர் வந்து குறை சொல்வார். இதற்குப் பெயர் ஜூரி. கோர்ட்டிலாவது குற்றவாளிக்கு ஒரு வக்கீல் உண்டு!

போன மாதம் அப்படி நின்றவள் கலைச்செல்வி. பல்லடத்துப் பெண். ஒரு மில் வாசலுக்கு வரைந்திருந்தாள் - வரிசையாகப் புங்க மரம், அடியில் கல் பெஞ்ச். "ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறவங்க வெயில்ல காயறாங்க மேடம். அவங்க உக்காரோணுமுங்க" என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர்களோடு தானும் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வரைந்தது அது.

சென்னை நிபுணர் மார்க்கரை எடுத்தார். "லான் எங்கே? ஃபவுண்டன் எங்கே? வாசலில் கூட்டம் சேர்ப்பாயா?" கேட்டுக்கொண்டே அவள் ஷீட்டின் மேலேயே கிறுக்கினார்.

"சரிங்க சார்… சரிங்க சார்…"

எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம். வந்திருப்பவர் விருந்தாளி, வயதிலும் பெரியவர். எதிர்த்துப் பேசுவாளா?

"ஏன் இப்படி வரைந்தாள் என்று கேளுங்கள் சார்" என்றேன்.

"அவளே ஒத்துக்கொண்டுவிட்டாளே மேடம்!" சிரித்தார். மறுபடி வரைய வேண்டும், இல்லாவிட்டால் ஃபெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஃபெயிலானா ஊட்ல படிச்சது போதும்னு நிறுத்திப்போடுவாங்க மேடம்" என்று அழுதாள்.

"வாயத் தொறந்து பேசு கண்ணு. மரத்தை மட்டும் விட்டுப்போடாதே" என்றேன்.

போன வாரம் அதே நிபுணர். கலைச்செல்வி நிமிர்ந்து நின்றாள். "ஃபவுண்டன் இன்னும் பெரிதாக இருக்கலாமோ?" என்றார். "வேண்டாமுங்க சார், லான் மறைஞ்சுபோயிரும்" என்றாள் பட்டென்று. எல்லோரும் கை தட்டினார்கள். "இதுதான் மேடம் டீச்சிங்!" என்று அவர் என்னையும் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் சுவரைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று புல்வெளி. நடுவில் ஃபவுண்டன். உட்கார ஓர் இடம் இல்லை.

"மரமெல்லாம் எங்க கண்ணு?"

"பாஸாகோணுமில்லைங்க மேடம்."

வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். சொல்வதற்குத்தான் அவளிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை!