சின்னையா அண்ணன் விடாத காவடி

எங்கள் ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் சின்னையா அண்ணனை மிஞ்சிய வாய்வீச்சுக்காரர் கிடையாது. நான் பக்கத்து வீட்டு நவமணி. தினமும் கேட்டுக் காது புளித்தவள். பிறை நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு மூட்டை அடுக்கும் வேலை. எண்பத்து நான்காம் வருஷம் அடுக்கு சரிந்து இடுப்பு போயிற்று. அதன்பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனைவி ருக்குமணி அக்கா கை கொடுக்க வேண்டும். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு மனுப் போட்டார். மருத்துவக் குழு கூப்பிட்டுச் சோதித்தது. அதில் ஒரு டாக்டர், தைப்பூசத்துக்குப் போனீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். இந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்தி, "பின்னே? தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கினேன்லா! ஒரு வருஷம் விட்டதில்ல டாக்டர்" என்றாராம். காவடியோடு மலையேறுகிறவருக்கு எதற்குப் பென்ஷன்? மனு தள்ளுபடி.

அட கடவுளே! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த வருஷம் பால்காவடி தூக்கியது ருக்குமணி அக்கா. நேர்த்திக்கடன் நின்றுபோகக் கூடாதென்று புருஷனுக்குப் பதிலாக அவர் தூக்கினார். கூடவே நடந்தவள் நான். அண்ணன் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மேல்முறையீடு செய்தோம். "உள்ளதைச் சொல்லுங்கண்ணே, போதும்" என்றார் வக்கீல் ஹனீபா.

"பொம்பள தூக்கினான்னு நாலு பேர் முன்னால சொல்லவா? அதுக்கு இந்த பென்ஷனே வேணாம்லா" என்று முறுக்கிக்கொண்டார் அண்ணன். அக்கா விடியுமுன் எழுந்து நாசி லெமாக் சோறு விற்றுத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. இவருக்கோ வீறாப்பு!

விசாரணையன்று ஹனீபா எக்ஸ்ரே படங்களை நீட்டினார். விசாரணைக் குழுத் தலைவர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "காவடி தூக்கியது யார்?"

அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார். நின்று நின்று வீங்கிய காலை அக்கா தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டிதாங்க. நான் கீழ உக்காந்திருந்தேன். அவ மேல போய்ச் சேர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்தேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்?

பென்ஷன் கிடைத்தது. அக்காவின் கால் வீக்கமும் மெல்ல வடிந்தது. அடுத்த தைப்பூசத்தில் அண்ணன் அதே பந்தலில், அதே நாற்காலியில். வாய் ஓய்ந்ததா? எங்கே! போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கை நீட்டினார்.

"அங்க பாரு தம்பி, மஞ்சப் புடவை! என் பொண்டாட்டி. எங்க வீட்டுக் காவடி ஒரு வருஷம் விட்டதில்ல!"