கதவைவிடப் பெரிய வண்டி

ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்து, குளிர்சாதனப்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் 'டேப் அக்கா' என்று கூப்பிடும் ஆசிரியை. "இங்க இல்ல, இங்க" என்று விரலால் காட்டினாள் ஒரு நான்கு வயதுக்காரி. அக்கா மறுபேச்சு பேசாமல் பிய்த்து, காட்டிய இடத்தில் ஒட்டினாள்.

நான் அதே மழலையர் பள்ளியில் எதிர் அறையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். ஊட்டு, துடை, தூங்கவை; அவ்வளவுதான் என் வேலை. இவள் அறையின் கூச்சலும் குப்பையும் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை.

டேப் அக்கா முன்பு வேறொரு பள்ளியில் இருந்தாள். பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டுவதுதான் அங்கே நாள் முழுக்க வேலை. அவர்கள் கேட்டதைக் காதில் வாங்க யாருக்கும் நேரமில்லை. சண்டை போட்டுவிட்டு இங்கே வந்தாள். "விளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றாராம் மாமியார். "ஆமா அத்தை, நீங்களும் வாங்க, ஆள் பத்தல" என்றாளாம் இவள்.

பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்களோ அதுதான் இவளுக்குப் பாடம். இந்த முறை குப்பை வண்டி. தினமும் அது வரும் நேரத்தில் வகுப்பே ஜன்னல் கம்பியில் தொங்கும். "அதுல என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள். "வண்டிய யாரு குளிப்பாட்டுவாங்க?" என்று வந்தது முதல் கேள்வி. வாசலுக்குக் கூட்டிப் போய் ஓட்டுநரையே கேட்க வைத்தாள். சக்கரத்தைக் கயிற்றால் அளந்தார்கள், படம் வரைந்தார்கள், பிறகு அட்டைப்பெட்டிகளில் தாங்களே ஒரு வண்டி கட்ட ஆரம்பித்தார்கள்.

வண்டி வளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஏம்மா, இது கதவைத் தாண்டாதே!"

"தெரியும். வாயத் திறந்துடாதீங்க. அவங்களே முட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் மேலாளர் அம்மா வந்தார். ஒரு அப்பா தொலைபேசியில் கத்தியிருக்கிறார். விரலால் இடம் காட்டிய அந்தப் பெண்ணின் அப்பாதான்.

"குப்பை அள்ளவா எம்பொண்ண அனுப்புறேன்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

"அவர் வீட்டுக் குப்பைய யாரு அள்ளுறாங்கன்னு கேளுங்க மேடம்" என்றாள் அக்கா.

மேலாளர் கெட்டவர் இல்லை. நாலு பிள்ளைகள் நின்றுவிட்டால் பள்ளிக்கூடம் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம். "சரி, பெயிண்ட் அடிச்சு ரயில்னு சொல்லிடுவோமே" என்று இறங்கி வந்தார்.

"கட்டினவங்கள கேளுங்க."

அவரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத்தான் செய்தார். அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரயில் எங்க வீட்டு வாசல்ல நிக்காது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குப் பெத்தவங்க வரும்போது இது இந்த ரூம்ல இருக்கக் கூடாது. இருந்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்க" என்றார்.

அவர் கூப்பிட்டதும் துப்புரவுக்காரர் வந்து வண்டியை இழுத்தார். வண்டி கதவில் வசமாகச் சிக்கியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மேலாளர் கத்தரிக்கோலை நீட்டினார். அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வெட்ட மாட்டேன் மேடம். வெட்டணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

"கதவு சின்னதுன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு நாளைக்குக் காலை வரைக்கும் டைம் குடுங்க."

மேலாளர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சிக்கிய வண்டியை மறுபடி அறைக்குள் தள்ளி வைத்தோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்: "வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவே?"

"தேடுவேன். ஆனா அவங்க கண்ணு முன்னாடி அதைக் கிழிச்சுட்டு, அடுத்து என்ன கட்டலாம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பேன்?"

மறுநாள் காலை சீக்கிரமே வந்து அறையைத் திறந்தாள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். "வண்டி வெளிய போகணும். கதவுல போகல. என்ன செய்யலாம்?" கதவை உடைக்கலாம் என்றது ஒன்று. சாய்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அந்தப் பெண் கயிற்றால் கதவை அளந்தாள், வண்டியை அளந்தாள். "தலை தனி, உடம்பு தனி" என்றாள். மெழுகுக் கோலால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின்மேல் அக்கா வெட்டினாள். நான் என் அறைக் குழந்தைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு வண்டியின் ஒரு முனையைப் பிடித்தேன்.

கொண்டுபோனது குப்பைத்தொட்டிக்கு அல்ல. பெற்றோர் நுழைகிற வாசல் நடையில், எல்லோர் கண்ணிலும் படும்படி, மறுபடி சேர்த்து ஒட்டினார்கள்.

முதலில் வந்தவர் கத்தின அப்பாதான். மகள் கையை விரித்து வழியை மறித்து நின்றாள். "அப்பா, குப்பை இருந்தா போடுங்க."

அவர் அக்காவை முறைத்தார். மகள் கையை இறக்கவில்லை. பாக்கெட்டைத் துழாவி, கசங்கிய மிட்டாய்த் தாள் ஒன்றை எடுத்துப் போட்டார். "அதுல இல்ல, பின்னாடி" என்று திருத்தினாள். எடுத்துப் பின்னால் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பையைத் திறந்து தேட ஆரம்பித்தார்கள்.

மேலாளர் வெளியே வந்து பார்த்தார். "வழிய மறைக்குது. ஓரமாவாச்சும் தள்ளி வைங்க" என்றார்.

அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஓரமா தள்ளலாமான்னு மேடம் கேக்குறாங்க."

அவர்கள் தலைகளை ஒன்றாக வைத்துப் பேசி முடிக்கும்வரை மேலாளர் நின்றுகொண்டிருந்தார்.