நாய் இல்லாத பங்களா

மத்தியாஸ் பயந்த மனுஷன். அதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், முதலாளிக்குப் பயம், போன் இரண்டு தடவைக்கு மேல் அடித்தால் எங்கோ யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயம். ஐம்பத்து நாலு வயதில் இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது தூசி உறிஞ்சும் ஒரு சிவப்பு இயந்திரம். சக்கரம் வைத்தது, யானைத் தும்பிக்கை மாதிரி நீளக் குழாய் உள்ளது. எல்லோரும் அதை 'வெக்கூம்' என்றார்கள். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் அது எழுப்பிய கூச்சலில் மனுஷன் இடுப்புச் சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டார். துணியை உருவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

கந்தப்பளைக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் மூன்று அறை பங்களா ஒன்றுக்குக் காவல், துப்புரவு, சமையல் எல்லாம் மத்தியாஸ்தான். பங்களாவின் சொந்தக்காரர் முஹ்ஸின், நுவரெலியா டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவர். குளிருக்கு ஆசைப்பட்டுக் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அதை இரண்டு நாள் மூன்று நாள் என்று வாடகைக்கு விடுவார். இந்த வேலைக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் மத்தியாஸ் தோட்டத்து ஸ்டோரில் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அந்தப் பக்கம் ஸ்டோர் என்பார்கள். அங்கே சலிக்கிற அறையைக் கூட்டுவது அவர் வேலை. ஆகவே தூசியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பங்களாவில் ஒரு பூனை இருந்தது. பேர் பஞ்சு. எலித் தொல்லைக்காக முஹ்ஸினின் மனைவி அசீசா இரண்டு வருஷத்துக்கு முன் குட்டியாகக் கொண்டுவந்து விட்டது. வெள்ளை நிறம், விரற்கடை நீளத்துக்கு ரோமம். எலி பிடித்ததோ இல்லையோ, கட்டில் பிடித்துவிட்டது. ஆட்கள் வராத நாளில் ஓர் அறையில் தூங்கி இன்னோர் அறையில் எழும்பும். ஆட்கள் வரும் நாளில் மத்தியாஸ் வெக்கூமை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே அலைவார். மெத்தை, சோபா, கம்பளம், திரைச்சீலையின் அடி விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் வெள்ளை முடி. தூரிகையில் சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். வெக்கூமுக்கு மசியாத இடத்தில் றப்பர் கையுறையை நனைத்துத் தேய்த்தால் முடி உருண்டு திரண்டு வரும். அது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வித்தை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முஹ்ஸினுக்குப் பூனை பிரச்சினையே இல்லை. அவருடைய கவலை எல்லாம் நாய். ஒருமுறை யாரோ சொல்லாமல் கொள்ளாமல் கூடைக்குள் குட்டி நாயைக் கொண்டுவந்து சமையலறைத் தட்டில் சோறு வைத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு முஹ்ஸின் டவுனிலிருந்து நேரே வந்தார். அந்தத் தட்டை மண் போட்டு ஒரு தரமும் தண்ணீரால் ஆறு தரமும் தன் கையாலேயே கழுவி வைத்தார். அவர்கள் மார்க்கத்தில் அப்படித்தான். அன்றிலிருந்து யார் வருவதாக இருந்தாலும் முதலாளி போனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

அந்த வாரமும் கேட்டார்.

"மத்தியாஸ், சனிக்கெழம ஒரு குடும்பம் வருது. கொழும்பு ஆக்கள். புள்ளைக்கு ஏதோ அலர்ஜியாம். நாய் கீய் ஒண்ணும் ஊட்டுக்குள்ள வாறல்லதானே?"

"ஐயோ மொதலாளி, மாதா சத்தியமா நாய் வாசப்படிய மிதிச்சதில்லைங்க."

"அது போதும். நான் அப்பிடியே எழுதி அனுப்புறன்."

மத்தியாஸுக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. நாய் வரவில்லை, சத்தியம் செய்தார், அவ்வளவுதான். அன்றிரவு நன்றாகவும் தூங்கினார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வீட்டைச் சுத்தம் செய்து முடித்து, பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு வெளி விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வரப்போகும் குடும்பத்துத் தாய், கிருஷாந்தி என்று பேர் சொன்னாள்.

"அண்ணா, நாங்க ஹட்டன் தாண்டிட்டோம். இன்னும் ரெண்டு மணித்தியாலத்துல வந்துருவோம். சும்மா ஒரு மனத்திருப்திக்குக் கேக்குறேன். வீட்டுல பூனை ஒண்ணும் இல்லதானே?"

மடியில் பஞ்சு கொட்டாவி விட்டது.

"ஏம்மா கேக்குறீங்க?" என்றார் மத்தியாஸ்.

"மகளுக்கு ஆறு வயசு. போன வருஷம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனோம். அங்க பூனை இருந்திருக்கு, எங்களுக்குத் தெரியாது. வீசிங் வந்து, நாலு நாள் ஐசியூவுல வச்சிருந்தாங்க. தப்பினது தெய்வாதீனம். அதான் எங்க போனாலும் முதல்லயே கேட்டுர்றது. உங்க ஓனர் பெட்ஸ் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருந்தார்."

உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் மத்தியாஸுக்குப் பிள்ளை நினைவுக்கு வரவில்லை. முதலாளிதான் வந்தார். பெட்ஸ் இல்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். பூனை உண்டு என்று வேலைக்காரன் சொன்னால் முதலாளி பொய்யன் ஆகிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் துரைமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் தலையாட்டிப் பழகிய நாக்கு அது. அதுவாகவே பேசிவிட்டது.

"இல்லம்மா. ஒண்ணுமில்ல. நீங்க வாங்க."

போனை வைத்தபிறகுதான் பிள்ளை நினைவுக்கு வந்தது.

பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு ஓடி விறகுக் கொட்டிலுக்குள் விட்டுக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். வெக்கூமை மறுபடி இழுத்து வந்தார். காலையில் சுத்தம் செய்த அதே சோபாவை, மெத்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மூலை முடுக்கெல்லாம் குழாயை நுழைத்து இழுத்தார். முடி வந்தது. காலையில் வந்த அளவு இல்லை, ஆனாலும் வந்தது. கட்டிலை நகர்த்தினார், வந்தது. அலமாரிக்குப் பின்னால் வந்தது. திரைச்சீலையைக் கழற்றி உதறினால், மடிப்புக்குள்ளிருந்து வந்தது. கம்பளிப் போர்வைகளை முற்றத்துக் கொடியில் போட்டு அடித்தார். வெக்கூமின் பையைத் திறந்து கொட்டினால், இன்னொரு பூனை செய்யலாம் போல் ஒரு பொதி முடி. இவ்வளவையும் அவர் இதுவரை எங்கே விட்டுவைத்திருந்தார்? ஒவ்வொரு முறையும் 'பளிச்' என்று சொல்லித்தானே சாவியைக் கொடுத்தார்?

பதினொன்றரை மணிக்கு மூடுபனி விலகி வெயில் வந்தது. ஜன்னல் வழியே ஒரு பட்டை வெளிச்சம் கூடத்துக்குள் விழுந்தது. அப்போதுதான் அதைக் கண்டார். வெக்கூமின் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்திலிருந்து பொடிப் பொடியாக ஏதோ கிளம்பி, வெளிச்சத்தில் மிதந்து, சாவகாசமாகத் திரும்ப சோபாவில் இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியாஸ் இயந்திரத்தை நிறுத்தினார். சலிக்கிற அறையில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த காட்சிதான் இது. எவ்வளவு கூட்டினாலும் தூசி அறையை விட்டுப் போகாது, மேலே எழும்பி இன்னோரிடத்தில் உட்காரும். ஒன்றரை மணித்தியாலமாக அவர் முடியை எடுக்கவில்லை, வீடு முழுக்கப் பரப்பியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாததைக் காற்றில் விட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை வந்து இந்தச் சோபாவில்தான் குதிக்கப்போகிறது.

அவருக்கு அக்கா மகள் பெற்றீசியாவின் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று முப்பது வருஷமாகத் தள்ளி வைத்திருந்த ஞாபகம். அக்கரப்பத்தனையில், மழைக்காலத்தில், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூச்சு முட்டு வந்து தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். தேயிலைக் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற லொறி. பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்து மத்தியாஸ்தான் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் கால் சூடாக இருந்தது. அதற்கு அடுத்த வளைவில் இல்லை. எந்த இடத்தில் போனாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

முஹ்ஸினுக்குப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

"பூனையா?" என்றார் முஹ்ஸின். "அவங்க பெட்ஸ் ஈக்கான்னுதானே கேட்டாங்க. பெட்டுன்னா நாய்தானே. நம்மட பஞ்சு பெட்டா? அது ஊட்டு ஆள் மாதிரி."

"நானும் அப்புடித்தான் மொதலாளி நெனச்சேன். நாயான்னு கேட்டீங்க, இல்லன்னேன். ஆனா அந்தம்மா பூனைன்னு பேரச் சொல்லியே கேட்டாங்க. அதுக்கும் நான் இல்லன்னுட்டேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ துணி கிழிக்கும் ஓசை கேட்டது.

"வெக்கூம நல்லா இழுத்துட்டீங்கதானே?" என்றார் முஹ்ஸின் கடைசியில், கெஞ்சுகிற குரலில். "நீங்க இழுத்தா ஒரு முடி ஈக்காதே."

"இருக்கு மொதலாளி. காத்துல நிக்கிது. நானே பாத்தேன்."

முஹ்ஸின் பதில் சொல்லுமுன் கீழே வளைவில் வேனின் ஹோர்ன் கேட்டது.

மத்தியாஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கதவை இழுத்துச் சாத்தினார். வேன் முற்றத்தில் வந்து நிற்க, கதவு திறந்த வேகத்தில் ஒரு சின்னப் பெண் குதித்தாள். மஞ்சள் தொப்பி, முன்பல் இரண்டு இல்லை. விடியற்காலையிலிருந்து வண்டிக்குள் கிடந்த பிள்ளை, நேரே வாசலைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஜெரோமி, மெதுவா!" என்று பின்னாலிருந்து தாய் கத்தினாள்.

மத்தியாஸ் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றார். அப்படி விரித்தபோதுதான் தன் கையைப் பார்த்தார். நீலக் கம்பளிச் சட்டை தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளையாக இருந்தது. காலையிலிருந்து பஞ்சு கிடந்த மடி, பஞ்சுவைத் தூக்கிய கை, முடியை அள்ளிக் கொட்டிய நெஞ்சு. வீட்டையெல்லாம் இழுத்தவர் தன்னை இழுக்க மறந்துபோனார். பிள்ளையோ அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"வராத பாப்பா! கிட்ட வராத!"

வாழ்க்கையில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. பிள்ளை திடுக்கிட்டுக் கால் தடுக்கிப் படியில் விழுந்தாள். முழங்கால் உரசி ரத்தம் எட்டிப் பார்த்தது. வீரிட்டு அழுதாள். மூன்றடி தூரத்தில் நின்ற மத்தியாஸ் தூக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்து போனார். விழுந்த பிள்ளையைத் தூக்க முடியாமல் நின்ற அந்த நேரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"என்ன மனுஷன் நீங்க?" என்று ஓடி வந்தாள் கிருஷாந்தி.

"பூனை இருக்குதும்மா. ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ளதான் இருக்கு. போன்ல பொய் சொல்லிட்டேன். என் உடுப்பெல்லாம் முடி. புள்ளையத் தூக்கிட்டுப் போயிருங்க. உள்ள காலடி வைக்காதீங்க. போயிருங்கம்மா."

அவள் முகம் வெளிறிவிட்டது. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் மத்தியாஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. மகளை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். கதவு சாத்துமுன் பிள்ளை இருமியது கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. அழுததால் வந்த இருமலா, அந்த இருமலா? வேன் வளைவில் இறங்கி மறைந்துவிட்டது.

பிறகு மத்தியாஸ் கொடியில் கிடந்த போர்வைகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றித் தூர எறிந்திருந்தார். குளிர் ஏறியது. உள்ளே போகப் பிடிக்கவில்லை. முஹ்ஸின் மூன்று தடவை போன் எடுத்தார். அந்தப் பேரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டார். முதலாளியின் போனை எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தரம். ஒரு மணியானது, இரண்டானது. அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். கண்ணை மூடினால் இருமல் கேட்டது. எண்ணிக்கை இரண்டுதானா, மூன்றா என்று அவருக்கே குழம்பிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் தான் உயிரோடு இருக்கக்கூடாது என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் பயந்தார்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. கிருஷாந்தியின் நம்பர். இரண்டு தடவைக்கு மேல் அடிக்க விட்டார், எடுக்கத் தைரியம் வரவில்லை. பிறகு எடுத்தார்.

"நுவரெலியாவுல வேற ரூம் எடுத்துட்டோம்," என்றாள் அவள். குரல் இன்னும் கடுமையாகத்தான் இருந்தது. "வழியில ஒரு தடவை வாயில பம்ப் அடிச்சேன். இப்ப இருமல் இல்ல. ஸ்ட்ரோபரி கேட்டு அடம் பிடிக்கிறா."

மத்தியாஸ் பேச முயன்றார். அழுகைதான் வந்தது.

"நீங்க மறிச்சிருக்காட்டி என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாக்க முடியல," என்றாள் அவள். "அதுக்காக போன் எடுத்தேன். ஆனா நான் பூனைன்னு கேட்டும் இல்லன்னீங்களே அண்ணா. அத என்னால மறக்க ஏலாது."

"மறக்காதீங்கம்மா," என்றார் மத்தியாஸ். "இனிமே எங்க போனாலும் பெட்டுன்னு கேக்காதீங்க, பூனையான்னு கேளுங்க. இல்லன்னு சொல்லுவாங்க, நம்பிறாதீங்க. புள்ளைய வண்டியிலயே வச்சிட்டு மொதல்ல நீங்க எறங்கிப் போய்ப் பாருங்க. கதவத் தொறக்குறவன் என்னய மாதிரி பயந்தவனா இருப்பான்மா."